கிறிஸ்டெலா அலோன்சோ: காசைப் பற்றிச் சிரிக்க வைப்பவர்

நெட்ஃபிளிக்ஸில் அமெரிக்க நகைச்சுவையாளர் கிறிஸ்டெலா அலோன்சோவின் தனிமேடை நிகழ்ச்சிகள் மூன்று இருக்கின்றன: 2017இல் 'லோயர் கிளாஸி', 2022இல் 'மிடில் கிளாஸி', 2025இல் 'அப்பர் கிளாஸி'. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்றால் வர்க்கம், 'கிளாஸி' என்றால் நாசூக்கான, உயர்தரமான. இரண்டையும் ஒட்டிய சிலேடைதான் இந்தத் தலைப்புகள். கீழ்த்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என ஏணியில் படிப்படியாக ஏறுகின்றன.

இந்த மூன்று தலைப்புகளிலும் மெக்சிகோ இல்லை, டெக்சாஸ் இல்லை, ஒரு ஸ்பானியச் சொல்கூட இல்லை. அமெரிக்க ஊடகங்கள் அவரை 'லத்தீனா நகைச்சுவையாளர்', அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், என்றுதான் அறிமுகப்படுத்தும். தானே பெயர் வைக்கும்போது அவர் எடுத்துக்கொள்வது காசை. இரண்டு பண்பாட்டுக்கு நடுவே நிற்கும் பெண் என்ற வழக்கமான சித்திரத்தை வைத்து அவரைப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். ஏன் என்பது அவர் பிறந்த ஊரிலேயே இருக்கிறது.

1979 ஜனவரியில் டெக்சாஸின் தென்கோடியில், சான் ஹுவான் என்ற சிற்றூரில் பிறந்தார். ஹிடால்கோ கவுண்டியைச் சேர்ந்த ஊர். அந்த வட்டாரத்தை ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு என்பார்கள். பேர்தான் பள்ளத்தாக்கு, மலையும் கிடையாது, பள்ளமும் கிடையாது, ஆறு கடலில் சேருமிடத்துக்கு மேலே விரிந்த தட்டையான வண்டல் நிலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரெய்னோசா, மெக்சிகோ. இந்தப் பக்கம் வாழ்பவர்களிலும் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினரே. கடையிலும் மாதா கோயிலிலும் ஸ்பானிஷ் கேட்கும். சர்வதேச எல்லையைத் தாண்டிவிட்டால் போதும் என்றும் இல்லை. வடக்கே ஏறக்குறைய 110 கிலோமீட்டரில் ஃபால்ஃபூரியாஸ் அருகே எல்லைக் காவல் படையின் உள்நாட்டுச் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களுக்குத் தெற்கே ஆறு, வடக்கே சாவடி. நடுவில் இருக்கும் பட்டைதான் அவர்களுடைய அமெரிக்கா.

அப்படிப்பட்ட ஊரில் மெக்சிகோக்காரியாக இருப்பது ஒரு அடையாளமே இல்லை. எல்லாரும் அப்படித்தான். அங்கே ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையிடமிருந்து பிரித்துக் காட்டுவது வீட்டில் எவ்வளவு காசு என்பதுதான். கிறிஸ்டெலாவின் குடும்பம் அந்தக் கணக்கிலும் அடிமட்டம். மெக்சிகோவிலிருந்து வந்த தாய், கொடுமை செய்த கணவனை விட்டு விலகி, நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். கிறிஸ்டெலா கடைக்குட்டி. மூடிக் கைவிடப்பட்ட ஒரு சாலையோர உணவகக் கட்டடத்தில் அனுமதியில்லாமல் குடியேறி, அவருக்கு ஏழெட்டு வயதாகும்வரை அங்கேதான் இருந்தார்கள். தாய்க்கு மெக்சிகன் உணவகம் ஒன்றில் வேலை, பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு ஷிஃப்ட். மகள் ஆங்கிலத்தைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: மொழியைச் சிட்காமிலிருந்து, அதாவது தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரிலிருந்து, கற்றவர், பிற்பாடு சிட்காம் எழுதப் போனார்.

'லத்தீனா' என்ற முத்திரை பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய பிறகு விழுந்தது. நாடகம் படிக்க செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வெப்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பணம் கட்ட முடியாமல் படிப்பு பாதியில் நின்றது. நோயுற்ற தாயைக் கவனிக்க ஊர் திரும்பினார். 2000களின் தொடக்கத்தில் தாய் இறந்தார். அதற்குப் பிறகுதான் மேடை.

மேடைக்கு வந்த வழி கவனிக்க வேண்டியது. டாலஸ் புறநகரான ஆடிசனில் 'இம்ப்ரவ்' என்ற நகைச்சுவை கிளப்பில் அலுவலக நிர்வாகியாக வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்க கிளப் ஒன்றின் இரவு நிகழ்ச்சிக்கு மூன்று அடுக்கு உண்டு. முதலில் தொகுப்பாளர், அஞ்சு முதல் பத்து நிமிடம். கூட்டத்தைச் சூடேற்றுவது, பானம் ஆர்டர் செய்யச் சொல்வது, அடுத்தவரை அழைப்பது. பிறகு 'ஃபீச்சர்', இருபது முதல் முப்பது நிமிடம். கடைசியில் 'ஹெட்லைனர்', முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். டிக்கெட் விற்பது மூன்றாமவரின் பேரில்தான். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறச் சில ஆண்டுகள் ஆகும், பலர் ஏறுவதே இல்லை. நேரம் முடியப்போகும்போது அரங்கின் பின்னாலிருந்து ஒரு சிறு விளக்கு எரியும். அதைத் தாண்டிப் பேசுகிறவரை மறுபடி கூப்பிடமாட்டார்கள். கிளப் அலுவலகத்தில் இருப்பவர் இதையெல்லாம் வாரத்தில் பல இரவு பார்க்கிறார். ஒரே ஹெட்லைனர் வியாழன், வெள்ளி, சனி என்று அதே ஜோக்கைச் சொல்லும்போது எந்தச் சொல்லை மாற்றினார், எந்தக் கூட்டத்தில் அது விழுந்தது, எதில் படுத்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நாடகப் பள்ளி விட்டுவைத்த பாடத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்தார் என்று சொல்லலாம்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ். தொலைக்காட்சிக்கு எழுதும் வேலை, கல்லூரி வளாகங்களில் ஊர் ஊராக நிகழ்ச்சி, 2010இல் 'லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங்' என்ற நகைச்சுவைப் போட்டி, இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிகளில் சில நிமிடங்கள், 2013இல் காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் அரைமணி நேர நிகழ்ச்சி. இவை வெவ்வேறு அளவுச் சட்டைகள். இரவு நிகழ்ச்சியில் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து நிமிடம். அதில் தன்னை அறிமுகப்படுத்தவே ஒரு நிமிடம் போய்விடும். அரைமணி என்பது விளம்பரம் போக இருபத்தொரு நிமிடம் சொச்சம். ஒரு மணி நேரமாகும்போதுதான் ஆள் முழுதாகத் தெரிவார், கதையைக் கட்டி, நடுவில் விட்டு, முப்பது நிமிடம் கழித்துத் திரும்ப அழைக்க முடியும். 'கால்பேக்' என்பது அதுதான்.

இரண்டு மொழியில் வளர்ந்தவர் ஒரே மொழி தெரிந்த கூட்டத்துக்கு முன் நிற்கும்போது தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று வரும். சிரிப்புச் சொல், அதாவது 'பஞ்ச்', ஸ்பானிஷில் விழுந்தால் அரங்கில் பாதிப் பேர் உடனே சிரிப்பார்கள், மீதிப் பேர் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்கள். அதைக் காப்பாற்ற மொழிபெயர்த்துச் சொன்னால் இரண்டாவது சிரிப்பு வரும், ஆனால் அது மரியாதைச் சிரிப்பு. முதல் பாதி அதற்குள் ஆறிப்போயிருக்கும். சிரிப்பு இரண்டாகப் பிளந்தால் அரங்கு ஒன்றாகச் சேர நாலைந்து ஜோக் பிடிக்கும்.

இதற்குத் தொழிலில் இருக்கிற வழி, ஸ்பானிஷைப் பஞ்சில் வைக்காமல் அதற்கு முன்னாலோ பின்னாலோ வைப்பது. முன்னால் வைத்தால் அது ஆளைக் காட்டும்: தாயின் குரலில் ஒரு அதட்டல், 'மிஹா' ('மகளே') என்ற விளி. அர்த்தம் தெரியாவிட்டாலும் தொனி போதும்; அதட்டுகிற அம்மாவை அடையாளம் காண அகராதி வேண்டாம். பின்னால் வைத்தால் அது தெரிந்தவர்களுக்கு மட்டும் தரும் கொசுறு. பஞ்ச் ஏற்கெனவே ஆங்கிலத்தில் விழுந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சத்தத்தின் மேலேயே ஒரு வரி.

மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்க்கலாம். மின்சாரக் கம்பெனியிலிருந்து ஃபோன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எட்டு வயது மகள் மொழிபெயர்க்கிறாள். 'மூன்று நாளில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம்.' மகள் அதைச் சொல்கிறாள். அம்மா ஸ்பானிஷில் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறார், கை ஆடுகிறது, மின்சாரக் கம்பெனியின் முன்னோர் வரை போகிறது. மகள் ஃபோனில்: 'சரி என்கிறார்.' அந்த இரண்டு நிமிட ஸ்பானிஷில் என்ன சொன்னார் என்று யாருக்கும் புரிய வேண்டியதில்லை. நீளத்துக்கும் 'சரி'க்கும் உள்ள இடைவெளிதான் ஜோக். ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு உள்ளே இன்னும் நாலு சிரிப்பு இருக்கும், அது தனி லாபம். இந்த ஜோக்கைத் தாங்கி நிற்பது மொழி அல்ல, கட்ட முடியாத பில் என்பதையும் பார்க்க வேண்டும். பில்லை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் மிமிக்ரி.

மிமிக்ரியாக மட்டும் நின்றுவிடுவதுதான் இந்தத் துறையின் பெரிய பள்ளம். உச்சரிப்பை வைத்து எளிதாகச் சிரிப்பு வாங்கலாம், ஆனால் அரங்கு அம்மாவோடு சிரிக்கிறதா, அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறதா என்பது மேடையிலிருந்து கேட்டால் ஒரே சத்தம்தான். அலோன்சோவும் உச்சரிப்பைப் பயன்படுத்துகிறவர்தான். அவரிடம் அது தப்பிப்பது, அந்தத் தாய் எப்போதும் அறையிலேயே புத்திசாலியாக இருப்பதால். கையில் காசில்லாத புத்திசாலி.

இனி 2014க்கு வரலாம். அந்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி ஏபிசி அலைவரிசையில் 'கிறிஸ்டெலா' என்ற சிட்காம் தொடங்கியது. அமெரிக்காவின் பெரிய அலைவரிசை ஒன்றில் தன் தொடரைத் தானே உருவாக்கி, எழுதி, தயாரித்து, நடித்த முதல் லத்தீனா அவர். கூட்டாக உருவாக்கியவர் கெவின் ஹென்ச். இதை எல்லாக் குறிப்புகளும் சொல்லும். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் அவ்வளவாக விளக்குவதில்லை.

அன்றைய வழக்கம் இது. கோடை முடிவில் யோசனையைச் சொல்லி விற்பார்கள். குளிர்காலத்துக்குள் கதைவசனம். ஜனவரியில் அலைவரிசை சிலவற்றைத் தேர்ந்து முன்னோட்ட அத்தியாயம் எடுக்கச் சொல்லும், அதுதான் பைலட். மார்ச், ஏப்ரலில் படப்பிடிப்பு. மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்களுக்கு முன் புதிய தொடர்களை அறிவிப்பார்கள். சில ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும்: கதைவசனத்தை வாங்கிவிட்டுப் பைலட் எடுக்காவிட்டால் அலைவரிசை அபராதம் கட்ட வேண்டும். அலோன்சோவின் வசனத்தை ஏபிசி முதலில் வேண்டாம் என்றது. அந்த அபராதப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாமல், அதை வைத்தே முழுப் பைலட்டைவிடச் சிறியதாக ஒரு மாதிரிப் படம் பிடித்தார்கள். பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்த படம். காகிதத்தில் தெரியாத சிரிப்பு அதில் கேட்டது, தொடர் எடுக்கப்பட்டது. வேண்டாம் என்று சொன்னதற்குக் கிடைத்த பணத்தில் வேண்டும் என்று சொல்ல வைத்த கதை இது. அவருடைய வாழ்க்கையில் இதைவிடப் பொருத்தமான நகைச்சுவை கிடைப்பது கஷ்டம்.

கதை: டாலஸில் சட்டக் கல்லூரியில் ஆறாவது ஆண்டாகப் படிக்கும் கிறிஸ்டெலா, அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கிறாள். பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தில் பயிற்சி வேலை கிடைக்கிறது, ஆனால் சம்பளம் கிடையாது. பிரச்சினை முழுவதும் அந்த 'சம்பளம் கிடையாது' என்பதில் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளமில்லாப் பயிற்சி ஒரு முதலீடு. அக்காள் கணவன் வீட்டுக்கடன் கட்டுகிற குடும்பத்தில் அது வேலையே இல்லை, வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளும் சோம்பல். அலுவலகத்தில் முதலாளி கல்பெப்பர் தன் தப்பெண்ணங்களை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிற ஆள். வீட்டில் அம்மா, மகள் எதற்கு இவ்வளவு படிக்கிறாள் என்று புரியாதவர். விமர்சகர்கள் முதலாளியின் இன ஜோக்குகளைப் பற்றியே எழுதினார்கள். தொடரின் நல்ல பகுதிகள் சமையலறையில் நடந்தவை.

படமாக்கிய முறை 'மல்டி-கேமரா'. நாலு கேமரா, மேடை போன்ற அரங்கம், எதிரே படிவரிசையில் பார்வையாளர்கள். வாரத்தின் முதல் நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு. அன்றிரவே விழாத ஜோக்குகளை எழுத்தாளர் குழு மாற்றும். அடுத்த இரண்டு நாள் ஒத்திகை, ஸ்டூடியோவும் அலைவரிசையும் வந்து பார்த்துக் குறிப்புச் சொல்லும், மறுபடி மாற்றம். நாலாம் நாள் கேமராக்களை எங்கே நிறுத்துவது என்று பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் இரவு பார்வையாளர்கள் முன் படப்பிடிப்பு. இருபத்தொன்று, இருபத்திரண்டு நிமிட அத்தியாயத்துக்கு மூன்று, நாலு மணி நேரம் பிடிக்கும். ஒரு ஜோக் விழாவிட்டால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வேறொன்றைக் கொடுப்பார்கள், நடிகர் அதை இரண்டு நிமிடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டும். தனிமேடை நகைச்சுவை ஆளுக்கு இது சொந்த ஊர் மாதிரி. ஆனால் எழுதுகிறவரும் தயாரிக்கிறவரும் எல்லாக் காட்சியிலும் நிற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், நடிகர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவருடைய இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும்.

முதலில் 13 அத்தியாயம், பிறகு இன்னும் 9 சேர்த்து மொத்தம் 22. 2015 ஏப்ரல் 17இல் கடைசி அத்தியாயம். மே மாதம் ரத்து. காரணங்களை ஒன்றாகச் சுருக்க முடியாது.

முதல் காரணம், ஒளிபரப்பான நாள். வெள்ளி இரவு எட்டரை. அமெரிக்க விளம்பரதாரர்கள் அப்போது விலை வைத்தது 18 முதல் 49 வயதுக்காரர்களுக்கு. வெள்ளி இரவு வீட்டில் இருப்பவர்களில் அவர்கள் குறைவு. அதே ஆண்டு ஏபிசி தொடங்கிய 'பிளாக்-இஷ்' புதன் இரவில் 'மாடர்ன் ஃபேமிலி'க்குப் பின்னால் உட்கார்ந்தது. அலைவரிசையின் அன்றைய ஆகச் சிறந்த இருக்கை அது. 'கிறிஸ்டெலா'வுக்கு முன்னால் இருந்தது டிம் ஆலனின் 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்'. நம்பகமான தொடர்தான், ஆனால் அதன் ரசிகர்கள் வயதிலும் ரசனையிலும் வேறு ஆட்கள். 'கிறிஸ்டெலா'வின் கடைசி அத்தியாயத்தில் டிம் ஆலனையே அந்தத் தொடரின் பாத்திரமாக விருந்தினராகக் கொண்டுவந்து பார்த்தார்கள்.

அடுத்தது சொத்துரிமை, இது வெளியே அதிகம் பேசப்படாது. தொடர் ஏபிசியின் சொந்த ஸ்டூடியோவுடையது அல்ல, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தொலைக்காட்சிப் பிரிவு தயாரித்தது. அப்படிப்பட்ட தொடருக்கு அலைவரிசை உரிமக் கட்டணம் கட்டும், மறுஒளிபரப்பு விற்பனையின் லாபம் வேறிடம் போகும். பார்வையாளர் எண்ணிக்கை எல்லைக்கோட்டில் இருக்கும்போது, சொந்தத் தொடருக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு வாடகைத் தொடருக்குக் கிடைப்பதில்லை. மறுஒளிபரப்புக்கு விற்க ஏறக்குறைய நூறு அத்தியாயம் தேவை என்பது அந்தக் காலத்துக் கணக்கு. 22இல் நின்றால் சரக்கு குடோனிலேயே கிடக்கும்.

மூன்றாவது, ஒரே தொடர் எல்லா லத்தீனோக்களுக்காகவும் பேச வேண்டும் என்ற சுமை. அக்காவாக நடித்த மரியா கனால்ஸ்-பரேரா மயாமியின் கியூபக் குடும்பத்திலிருந்து வந்தவர்; அக்காள் கணவனாக நடித்த கார்லோஸ் போன்ஸ் புவெர்ட்டோ ரிக்கோக்காரர். டெக்சாஸ் மெக்சிகன் வீட்டுக்குள் மூன்று ஊர் ஸ்பானிஷ். வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளாளுக்கு முதல் வரியிலேயே தெரியும். போதாக்குறைக்கு, ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் ரிமோட் யூனிவிஷன் என்ற ஸ்பானிஷ் அலைவரிசைப் பக்கம் போகும் பழக்கம் வலுவாக இருந்தது. ஆங்கிலத் தொடர் தன் ஆட்களைப் போட்டியிட்டுத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் வெள்ளி இரவில்.

மல்டி-கேமரா சிட்காமே பழசு என்று விமர்சகர்கள் முகம் சுளித்த காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த முகச்சுளிப்பு நியாயமில்லை என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. உழைக்கும் குடும்பங்களைப் பற்றிய அமெரிக்கச் சிட்காம்களில் நிலைத்தவை பலவும் இந்த வடிவத்தில் வந்தவையே.

பிற்பாடு நடந்தவற்றில் ஒன்று தனியாகச் சொல்லத்தக்கது. 2017இல் பிக்சாரின் 'கார்ஸ் 3' படத்தில் க்ரூஸ் ராமிரெஸ் என்ற மஞ்சள் காருக்குக் குரல் கொடுத்தார். க்ரூஸ் பந்தயக் கார்களுக்குப் பயிற்சி தருபவள். அவளும் ஒருகாலத்தில் பந்தயத்துக்கு வந்தவள்தான். தொடக்கக் கோட்டில் மற்றக் கார்களைப் பார்த்ததும் இது நமக்கான இடமில்லை என்று திரும்பிப்போனவள். பெரிதாக ஆசைப்படாதே என்று வீட்டார் சொல்லியிருந்தார்கள், அவள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. கார்கள் பேசும் குழந்தைப் படத்தில் இப்படியொரு துல்லியம் எதிர்பாராதது. வசதியில்லாத வீடுகளில் பிள்ளையின் ஆசையைக் குறைப்பது கொடுமையால் அல்ல, அன்பால் நடக்கிறது. 2019இல் 'மியூசிக் டு மை இயர்ஸ்' என்ற தன்வரலாற்றை எழுதினார், அத்தியாயத்துக்கு ஒரு பாட்டை முன்வைத்து. 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' தொடரில் ஹெஸ்டர் என்ற முயலின் குரலும், 2021இல் சிறுவர் போட்டி நிகழ்ச்சி ஒன்றின் புது வடிவத்துக்குத் தொகுப்பாளர் வேலையும் வந்தன.

மருத்துவக் காப்பீடு அவருடைய பேச்சில் திரும்பத் திரும்ப வரும். தனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் காப்பீடு இல்லாத வீட்டில் உடம்புக்கு வந்தால் முதல் கேள்வி என்ன நோய் என்பதல்ல, எவ்வளவு ஆகும் என்பது. அந்தக் கேள்வியோடு வளர்ந்தவர் காசு வந்த பிறகு மருத்துவரிடம் போகும் காட்சி, மெக்சிகோவையும் அமெரிக்காவையும் ஒப்பிடும் எந்த ஜோக்கையும்விடப் பெரிய பண்பாட்டு மோதல்.

ஏழ்மையை வைத்துப் பெயர் வாங்கிய நகைச்சுவையாளர் காசுக்காரர் ஆகும்போது தொழில் சிக்கல் ஒன்று எழும். ஏழ்மையைப் பற்றிப் பேசினால் பொய், வசதியைப் பற்றிப் பேசினால் பீற்றல். பலர் இந்த இடத்தில்தான் விமான நிலையம், ஹோட்டல் என்று பொதுவான விஷயங்களுக்குப் போய் மங்கிவிடுகிறார்கள். அலோன்சோ படியேறுவதையே தலைப்பாக்கி, அளவுகோலாகத் தாயை வைத்துக்கொண்டார். மேடையில் மகள் என்ன வாங்கினாலும் அதன் விலையைக் கேட்கும் குரல் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் தன் மகள் ஒரு மைக்கைப் பிடித்துக்கூடப் பார்த்ததில்லை. இந்த வேலையைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை, 2014இல் தொடங்கி 22 அத்தியாயம், மகள்தான் எழுதிக் கொடுத்தார்.